1.7 மி.மீ. சிரை: ஃபிஸ்டுலாவுக்கு முன் தானியங்கி அல்ட்ராசவுண்ட் அளவீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மேலே ஓடும் செஃபாலிக் சிரை 1.7 மி.மீ. முன்கை நடுவில் 1.9. முழங்கை மடிப்புக்குக் கீழே 2.2. மூன்று எண்களையும் கருவியே அளந்து திரையில் போட்டது. அவற்றின் கீழே ஒரே வரியில் முடிவு: "இடது முன்கையில் ஃபிஸ்டுலாவுக்கு ஏற்ற சிரை இல்லை." ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் அறுவையில் இணைத்து வைப்பது. அடுத்த கட்டமாகக் கழுத்தில் நிரந்தரக் கதீட்டர் (டயாலிசிஸ் குழாய்) போடப் பரிந்துரை.

டயாலிசிஸ் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்களின் பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. எந்தத் தனி நோயாளியையும் குறிக்கவில்லை. தவறுகள் மட்டும் அன்றாடம் நடப்பவை.

நோயாளி: 54 வயது ஆண், குலசேகரத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. 16 வருடமாகச் சர்க்கரை நோய். சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 13 மி.லி.க்கு இறங்கிவிட்டது, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. வலது கைக்காரர், கத்தி பிடிப்பதும் அந்தக் கையில்தான். எனவே இடது கையில் ஃபிஸ்டுலா வைப்பதே முதல் எண்ணம். ஒரு வருடம் முன்பு காய்ச்சலுக்கு வலது புறங்கையில் மூன்று நாள் மருந்தேற்றும் ஊசிக்குழாய் (கானுலா) இருந்தது. இடது கையில் ரத்தப் பரிசோதனைக்குக் குத்தியதைத் தவிர வேறு எதுவும் இல்லை. பேஸ்மேக்கர் இல்லை. காறை எலும்புக்குக் கீழே பெரிய சிரையில் எப்போதும் குழாய் (லைன்) போட்டதில்லை.

முதல் அளவீடு நடந்த நாள் ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை. அதிகாலையில் எழுந்தவர் தக்கலை வழியாக நாகர்கோவில் பஸ் பிடித்து நனைந்துகொண்டே வந்தார். கருவி நோயாளி வீட்டுப் பக்கம் போக முடியாது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அல்ட்ராசவுண்ட் கருவி ஒவ்வொன்றையும் இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். 2012-இல் வந்த விதித் திருத்தம், கையடக்கக் கருவியைப் பதிவு செய்த வளாகத்துக்கு வெளியே கொண்டு போவதை நடமாடும் மருத்துவ ஊர்தி போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. சட்டைப் பையில் அடங்கும் புரோப்பாக (தோலில் வைக்கும் அளவுமுனை) இருந்தாலும், கையை மட்டுமே பார்ப்பதாக இருந்தாலும் விலக்கு கிடையாது. ஆகவே ஆள்தான் கருவியைத் தேடி வர வேண்டும். நனைந்த உடம்போடு ஏசி அறையில் படுக்க வைத்து, கையை மேசை உயரத்தில் நீட்டி, நான்கு நிமிடத்தில் அளவு எடுத்து முடித்தார்கள்.

கருவி அந்த எண்ணுக்கு எப்படி வருகிறது

விட்டத்தைக் கருவி தானாக அளப்பதில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. பழைய வகையில் திரையில் ஒரு பெட்டியை நாம் வைக்கிறோம். அதற்குள் மேலிருந்து கீழாகப் பல கோடுகளில் வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களைக் கருவி தேடி, அவற்றைச் சுவரின் எல்லையாக எடுத்துக்கொள்கிறது. புதிய வகையில், ஆயிரக்கணக்கான படங்களில் பயிற்றப்பட்ட நிரல் கறுப்பாகத் தெரியும் உள்வெளியைத் தானே கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு நீள்வட்டம் பொருத்தி, பல சட்டகங்களின் நடு மதிப்பைக் காட்டுகிறது. கையால் புள்ளி வைப்பதில் ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசம் இதில் குறைகிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் நீள்வட்டத்தின் எந்த அளவை அது "விட்டம்" என்கிறது? முதல் நாள் சேமித்த படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டுச் சிரை வட்டமாகவே இல்லை. மேல்கீழ் 1.7 மி.மீ., அகலம் 2.5 மி.மீ. நசுங்கிய சிரை. குறுகிய அச்சை எடுத்தால் 1.7. அதே பரப்பளவு கொண்ட வட்டம் என்றால் 2.06. சிரைச் சுவர் நீளாமல் வட்டமாக நிமிர்ந்தால், அதாவது அதே சுற்றளவு கொண்ட வட்டம் என்றால், 2.12. ஒரே படம், மூன்று எண்கள். இந்தக் கருவி குறுகிய அச்சைத்தான் காட்டியது. கையேட்டில் அது எழுதியிருக்கிறது, திரையில் எழுதவில்லை.

நசுங்கக் காரணம் புரோப்பின் எடை. தோலுக்கு 2 மி.மீ. கீழே ஓடும் மெல்லிய சிரைக்கு விரலின் அழுத்தமே போதும். புரோப்புக்கும் தோலுக்கும் இடையில் அரை சென்டிமீட்டர் ஜெல் மெத்தையாக நிற்க வேண்டும், திரையின் மேற்பகுதியில் அந்த ஜெல் கறுப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். பட்டை தெரியவில்லை என்றால் அழுத்துகிறோம். முதல் நாள் படங்கள் மூன்றிலும் பட்டை இல்லை.

அடுத்தது ஆழ அமைப்பு. கருவி 6 செ.மீ. ஆழத்தில் இருந்தது, முந்தைய நோயாளிக்குக் கழுத்துச் சிரை பார்த்துவிட்டு யாரும் மாற்றவில்லை. படத்தின் உயரம் 480 புள்ளிகள் என்று கொண்டால் ஒரு புள்ளி 0.125 மி.மீ. இரு சுவரிலும் ஒரு புள்ளி தவறினால் 0.25 மி.மீ. போய்விடும். ஆழத்தை 3 செ.மீ. ஆக்கினால் அந்தப் பிழை பாதியாகும், குவியமும் சிரை இருக்கும் மட்டத்துக்கு வரும். 2 மி.மீ. குழாயை அளக்கும் இடத்தில் கால் மில்லிமீட்டர் சின்ன விஷயம் இல்லை.

நீளவாக்கில் பார்த்து அளப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் உண்டு. தளம் சிரையின் நடுவே போகாமல் ஓரமாகப் போனால் கருவி நாணை அளந்து விட்டம் என்று சொல்லும். 2.6 மி.மீ. சிரையில் நடுவிலிருந்து 0.8 மி.மீ. விலகினால் திரையில் 2.05 வரும். சுவர் இரண்டும் கூர்மையாகத் தெரிந்தால் மட்டுமே தளம் நடுவே போகிறது. குறுக்குவெட்டில் புரோப்பைச் சாய்த்தால் நேர் எதிர்: 30 டிகிரி சாய்வில் மேல்கீழ் அளவு 15 சதவீதம் கூடுதலாக வரும். சாய்த்து அளந்த ஒருவரும் அழுத்தி அளந்த ஒருவரும் சரியான எண்ணையே சொன்னால் அது தற்செயல்.

இவ்வளவும் கருவியோடும் கையோடும் தொடர்புடைய பிழைகள். இந்த நோயாளியின் முடிவைப் புரட்டிப் போட்டது இவற்றைவிடப் பெரியது: அன்று சிரையில் ரத்தமே நிறையவில்லை.

சிரை தானாக நிரம்புவதில்லை

தமனி எப்போது பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சிரை அப்படி இல்லை. குளிரில் சுருங்கும், கையை இதயத்துக்கு மேலே தூக்கினால் வடியும், உடலில் நீர் குறைந்தால் தட்டையாகும். டயாலிசிஸில் இரண்டு மூன்று லிட்டர் எடுத்த உடனே அளந்தால் நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாகத் தெரியும்.

பால்வெட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால் ஓடும் பால், பத்து மணிக்கு வெட்டினால் அந்த அளவுக்கு ஓடாது. மரம் அதே மரம்தான். ஒட்டுக்கட்டிய மரம் வெட்டுக்குத் தயார் என்று சொல்லவும், ஒட்டு சேர்ந்த இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவு என்று இடத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. எங்கே, எந்த நிலையில் என்று சொல்லாமல் மரத்தின் சுற்றளவை யாரும் எழுதுவதில்லை.

ஃபிஸ்டுலாவுக்கு முக்கியம், சிரை எவ்வளவு விரியக்கூடும் என்பது. தமனியின் அழுத்தம் பாய்ந்ததும் அது விரிந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் மேற்கையில் கட்டு வார் போட்டு, ரத்தத்தைச் சிரையில் தேக்கி அளக்கிறோம். முதல் நாள் கட்டு வாரே போடவில்லை. "ஆட்டோ" பொத்தான் கட்டு வார் இருக்கிறதா என்று கேட்பதும் இல்லை.

இரண்டாவது அளவீடு

பத்து நாள் கழித்து வேறொரு மையத்தில் மறுபடி பார்த்தார்கள். செய்த வரிசை:

முதலில் ஏசியை நிறுத்தினார்கள். நோயாளி உலர்ந்த துணியில், போர்வையோடு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். இடது கையை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்தார்கள். சர்க்கரை நோயில் கை மரத்திருக்கலாம், ஆகவே சூட்டைப் பார்த்தது உதவியாளரின் கை. பிறகு நாற்காலியில் சாய்ந்து, கை இடுப்புக்குக் கீழே தொங்கும்படி ஒரு பலகை மேல்.

புரோப் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர், ஆழம் 3 செ.மீ., ஜெல் பட்டை தெரியும்படி. முதலில் கட்டு இல்லாமல் ஒரு சுற்று. பிறகு மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி 50 மி.மீ. பாதரச அளவில் நிறுத்தினார்கள். அது நோயாளியின் கீழ் அழுத்தத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் தமனியும் அடைபடும். ரப்பர் வார் கட்டினாலும் தப்பில்லை, ஆனால் இன்று இறுக்கியதும் நாளை இறுக்குவதும் ஒன்றாக இராது. இரண்டு நிமிடம் காத்திருந்து, கை விரல்களைப் பத்து முறை மூடித் திறந்த பிறகு அளவு.

மணிக்கட்டில் கட்டு இல்லாமல் 2.3, கட்டுடன் 2.8. முன்கை நடுவில் 2.4, கட்டுடன் 3.1. முழங்கைக்குக் கீழே 2.6, கட்டுடன் 3.4. எல்லாமே அதே வகைத் தானியங்கி அளவீடுதான். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்து நடு மதிப்பை எடுத்தார்கள். மூன்றுக்கும் இடையே 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்த இடத்தில் கையால் புள்ளி வைத்துச் சரிபார்த்தார்கள்.

எண் எடுத்ததோடு நிறுத்திவிடக் கூடாது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை சிரையை இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். முழுதாக ஒட்டிக்கொண்டால் உள்ளே உறைவு இல்லை. புதிய உறைவு சில நேரம் கறுப்பாகவே தெரியும், கருவி அதை உள்வெளி என்று எண்ணி அழகான விட்டம் கொடுக்கும். அழுத்தினால் மட்டுமே குட்டு வெளிப்படும். இந்த நோயாளியின் வலது கையைப் பார்த்தபோது புறங்கையிலிருந்து முன்கை வரை ஒரு நீளம் தடித்த, ஒட்டாத சிரை கிடைத்தது. கானுலா போட்ட அதே தடம். தானியங்கி அதற்கு 2.9 என்று கொடுத்திருந்தது.

மேற்கையில் இன்னொரு குழப்பம் வரும். மேற்கையின் முக்கியத் தமனியான பிரேக்கியல் தமனியின் இரு பக்கமும் ஒட்டி ஓடும் இரு சிரைகளையும் நிரல் சில கோணங்களில் ஒன்றாகச் சேர்த்துவிடும். கையின் உட்பக்கம் ஓடும் பாசிலிக் சிரையை அளக்கும்போது எது எது என்று நாமே அழுத்திப் பார்த்து உறுதி செய்த பிறகே பொத்தானைத் தொட வேண்டும்.

தமனிப் பக்கம்

மணிக்கட்டில் நாடி பார்க்கும் ரேடியல் தமனிக்குத் தானியங்கி 2.7 மி.மீ. காட்டியது. பார்க்க நல்ல எண். படத்தைப் பெரிதாக்கினால் இரு சுவரிலும் சுண்ணாம்பு படிந்து வெள்ளைக் கோடாக மின்னியது, பின்னால் நிழல். நிரல் அந்த வெளிச்சத்தின் வெளி ஓரத்தைப் பிடித்து வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு அளந்திருக்கிறது. கையால் உட்சுவரிலிருந்து உட்சுவருக்கு வைத்தபோது 2.1. நீண்ட நாள் சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்தால் இது சகஜம். சிரையில் எண் குறைவாகவும் தமனியில் அதிகமாகவும் வந்திருக்கிறது, இரண்டும் ஒரே வகைத் தானியங்கி அளவீட்டில்.

தமனி தாங்குமா என்பதைப் பார்க்க விட்டத்தைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. நோயாளி இரண்டு நிமிடம் முஷ்டியை இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறக்க வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் மூன்று அலையாக இருந்த ஓட்டம் தாழ்ந்த தடையுள்ள ஓட்டமாக மாறி, அந்தத் தடையை எண்ணாகக் காட்டும் தடைக் குறியீடு 0.7-க்குக் கீழே இறங்கினால் தமனி விரியக்கூடியது. இவருக்கு 0.64. அதோடு, மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ. மேலே சுண்ணாம்பு குறைவாக இருந்ததால் இணைப்பு அங்கே என்று முடிவானது.

2006-இல் அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளையின் கேடோகி வழிகாட்டுதல் காலத்தில் தமனி 2.0, சிரை 2.5 என்ற எண்கள் பலகையில் எழுதி மாட்டும் அளவுக்குப் பரவின. 2019 பதிப்பு ஒரே குறைந்தபட்ச எண் என்று எதையும் வைக்கவில்லை, 2 மி.மீ.க்குக் குறைந்தால் கவனமாக ஆராயச் சொல்கிறது. அந்த ஆராய்ச்சி இல்லாமலே முதல் அறிக்கை கையைக் கழித்துவிட்டது. "நரம்பு சிறுசாம் சாரே, கழுத்துல தான் போடணுமாம்" என்று நோயாளி சொன்னதில் அவர் பிழை எதுவும் இல்லை. நம் ஊரில் சிரைக்கும் நரம்பு என்றுதான் பெயர், கழுத்தில் போடச் சொன்னதும் அறிக்கைதான்.

ஆறு வாரம் கழித்து, அதே சிக்கல் வேறு வேடத்தில்

இடது முன்கையில் ரேடியல் தமனிக்கும் செஃபாலிக் சிரைக்கும் இணைப்பு வைத்தார்கள். ஆறாவது வாரச் சோதனையில் முன்கை நடுவில் சிரை 5.2 மி.மீ., தோலிலிருந்து ஆழம் 4 மி.மீ. இங்கே கட்டு வார் போடக் கூடாது, ஓட்டம்தான் சிரையை நிரப்புகிறது. விரிந்த சிரை மிக மிருதுவானது, ஆகவே ஜெல் மெத்தை முன்பைவிட அவசியம்.

ரத்த ஓட்டத்தை ஃபிஸ்டுலாவுக்குள் நேராக அளப்பது கடினம், சுழல் அதிகம். பிரேக்கியல் தமனியில் அளப்பதே வழக்கம். கைக்குப் போகும் சிறு பங்கும் அதில் சேர்ந்துவரும். தமனி மேற்கையிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் அதைக் கவனிக்காமல் ஒரு கிளையை மட்டும் அளந்துவிடுவோம், எனவே அக்குளிலிருந்து கீழே வந்து பார்க்க வேண்டும். கணக்கு எளிது: குறுக்குப் பரப்பு பெருக்கல் சராசரி வேகம். பரப்புக்கு விட்டத்தின் இருமடி வருவதால் விட்டத்தில் 10 சதவீதப் பிழை ஓட்டத்தில் 21 சதவீதமாகும்.

தானியங்கி கொடுத்த தமனி விட்டம் 5.5 மி.மீ. சராசரி வேகம் விநாடிக்கு 50 செ.மீ. ஓட்டம் நிமிடத்துக்கு 713 மி.லி. என்று திரை பச்சையில் காட்டியது. உட்சுவரிலிருந்து உட்சுவருக்குக் கையால் வைத்தபோது விட்டம் 5.0. ஓட்டம் 589.

டயாலிசிஸ் பிரிவுகளில் மனப்பாடமாக இருக்கும் ஆறு ஆறு கணக்கு, 6 மி.மீ. சிரை விட்டம், 600 மி.லி. ஓட்டம், 6 மி.மீ.க்குள் ஆழம். 713 என்றால் ஓட்டத்தில் தேர்ச்சி, 589 என்றால் தேர்ச்சி இல்லை. சிரை விட்டம் இரண்டிலும் 5.2 தான். ஆனால் 2002-இல் வெளியான ஆய்வொன்றில் 4 மி.மீ. விட்டமும் 500 மி.லி. ஓட்டமும் சேர்ந்த ஃபிஸ்டுலாக்களில் 95 சதவீதம் டயாலிசிஸுக்குப் போதுமானதாக இருந்தன. ஆகவே பயப்பட எதுவும் இல்லை, அவசரப்படவும் தேவையில்லை. இரப்பர் பந்தை அழுத்தும் பயிற்சியோடு இன்னும் இரண்டு வாரம் விட்டு, மறுபடி உட்சுவர் அளவில் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். முதல் ஊசி மெல்லிய 17 கேஜ், பம்பு வேகம் நிமிடத்துக்கு 200 மி.லி., அனுபவமுள்ள ஊழியர் கையால் மட்டும்.

713-ஐ நம்பி அன்றே பெரிய ஊசி போட்டிருந்தால் மெல்லிய சுவர் கிழிந்து கையில் ரத்தம் கட்டி, ஃபிஸ்டுலாவே போயிருக்கலாம். முதல் அறிக்கையை நம்பியிருந்தால் அது பிறந்தே இருக்காது.

அறிக்கையில் வர வேண்டியவை

விட்டத்தோடு கூடவே கீழ்க்கண்டவை எழுதப்படாத தாளை அறுவை மருத்துவர் திருப்பி அனுப்பலாம்: அளந்த இடம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து எத்தனை செ.மீ. என்று. கட்டு உண்டா, என்ன அழுத்தத்தில், எத்தனை நிமிடம். உட்சுவரா வெளிச்சுவரா. கருவி தந்தது குறுகிய அச்சா, பரப்பிலிருந்து கணக்கிட்ட விட்டமா. தானியங்கி எண்ணைக் கையால் சரிபார்த்தவர் யார். கை குளிர்ந்திருந்ததா. டயாலிசிஸ் நடப்பவர் என்றால் கடைசி டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணி நேரம். இரண்டு அச்சும் தெரியும் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, ஜெல் பட்டையோடு.

இந்த நோயாளியின் இரண்டாவது அறிக்கையில் கடைசி வரி இப்படி இருந்தது: "இடது மணிக்கட்டு மடிப்பிலிருந்து 4 செ.மீ. மேலே செஃபாலிக் சிரை 2.8 மி.மீ., மேற்கைப் பட்டை 50 மி.மீ. பாதரசம், 2 நிமிடம், கை கீழே தொங்கிய நிலை, உட்சுவர் அளவு. வலது முன்கைச் சிரை அழுத்தினால் ஒட்டவில்லை. தானியங்கி காட்டிய 2.9-ஐக் கணக்கில் எடுக்க வேண்டாம். ரத்தம் எடுப்பது, கானுலா போடுவது வலது புறங்கையில் மட்டும். இடது கை வேண்டவே வேண்டாம்."